அசையாப் புள்ளி

தர்மபுரம் வாழ் பொதுமக்கள் அனைவருக்கும் இத்தால் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று தொடக்கம் இவ்வூரில் வேலிச் சண்டை என்ற ஒன்றே இராது. இனி ஆகாயத்துச் செய்மதிகள் எல்லை பிரித்துத் தரும். இப்படித் தன் வாயாலேயே பிரகடனம் செய்துவிட்டு யதுர்ஷன் மூன்றுகால் தாங்கியை விரித்தான்.

சாப்பாட்டுப் பெட்டிக்குள் தீப்பெட்டியளவு மைக்ரோகொன்ட்ரோலர், மேலே காளான் போல அன்டெனா. காணி அளக்கும் இந்த மெசின் முழுவதும் இணையத்தைப் பார்த்து அவனே பொருத்தியது. இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் பிழைக்காது என்றான்.

தாய்மாமன் ஏரம்பு தலையை ஆட்டினார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ராக்காயியின் குசினி தன் காணிக்குள் நிற்கிறது என்பது அவருடைய வழக்கு. மெசின் சொல்வதை இரு பகுதியும் ஏற்பதென்று ஊர்ச்சங்கத்தில் முடிவாகியிருந்தது.

"அசையாத புள்ளி ஒண்டு வேணும் மாமா. அதில இருந்துதான் எல்லாம் அளக்கிறது."

கண்ணிவெடி அகற்றியவர்கள் அந்தப் பக்கம் ஓர் இரும்புக் குறி நட்டுவிட்டுப் போனதாக அவர்களின் வரைபடம் சொன்னது. தேடியதும் அகப்பட்டது: தலை நசுங்கிய கம்பி, சுற்றிவர வட்டமாக மொட்டைத் தரை. வெடி எடுத்தவர்கள் புல்லைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று வியந்தபடி, யதுர்ஷன் அதன் உச்சிக்கு நேரே தாங்கியை நிறுத்தினான்.

"தம்பி..." என்று பக்கத்தில் நின்ற ராக்காயி வாயெடுத்தாள்.

"கதைக்காதேங்கோ. சிக்னல் குழம்பும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சற்றுப் பொறுத்துக் கையை உயர்த்தினாள். கையும் குழப்பும் என்று இறக்கச் சொன்னான்.

"உவளுக்கு உது என்ன விளங்கும்? நீ உன்ர வேலையைப் பார் மருமோன்," என்றார் ஏரம்பு.

பச்சை விளக்கு எரிந்தது. கோடு குசினிக்குள் சரியாக அடுப்புக்கு மேலால் போனது. ஏரம்பு இரும்பு அலவாங்கை எடுத்தார். மண்சுவர் விழ அதிக நேரம் செல்லவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

புழுதி அடங்கியதும் யதுர்ஷன் பெருந்தன்மையோடு மெசினை நிறுத்தினான்.

"இப்ப கதையுங்கோ அம்மா. என்ன சொல்ல வந்தனீங்கள்?"

ராக்காயி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அது எங்க ஆடு கட்டுற கம்பி தம்பி. போன வாரந்தான் அங்க மாத்தி அடிச்சேன்."