ஒருத்தருக்கான அளவு

விடுமுறைக்குப் போன ஊரில் ஒரு அம்மாள் தன் வீட்டு அடுக்களையிலேயே பிரெஞ்சு சமையல் கற்றுத்தந்தாள். மனைவி தன் கணவரை அதில் சேர்த்துவிட்டாள். முப்பது வருடமாக "உப்பு பத்தல" என்று அவள் வைத்த தட்டைத் தள்ளிவிட்டவர் அவர்.

"எல்லாத்தையும் ஒருத்தருக்கான அளவுலயே சொல்லிக்குடுங்க," என்றாள் மனைவி அந்த அம்மாளிடம்.

நான்காம் நாள், ஆம்லெட்டை மடித்துத் தட்டில் வைத்தபோது அவருக்குச் சுருக்கென்றது. ஏன் ஒருத்தருக்கு மட்டும்?

தட்டோடு ஓடிவந்து மனைவியின் கையைப் பிடித்தார்.

"டாக்டர் ஏதாவது சொன்னாரா? என்கிட்ட மறைக்காதே!"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நாளைக்கு ஊருக்கு உங்களுக்கு மட்டும்தான் டிக்கெட் போட்டிருக்கேன். இனிமே நான் வரல."

ஆம்லெட்டில் ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள்.

"உப்பு பத்தல," என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.