குனியாத டீச்சர்

யோகா வகுப்பில் இருந்த பச்சைப் பாய்க்கு ஒரே மனக்குறை. "எல்லாரும் குனிஞ்சு என்னைத் தொடுறாங்க. ஸ்கூல் வேலை முடிஞ்சு இங்க யோகா கத்துக்க வர்ற இந்தச் செண்பகவல்லி டீச்சர் மட்டும் மூணு மாசமா என் மேல விறைப்பா நிக்கிறாங்க. என்ன திமிர்!"

பக்கத்து நாற்காலிக்குச் சிரிப்பு வந்தது. "திமிர் இல்லடி. அவங்களுக்கு எலும்புப்புரை. முதுகெலும்பு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு, குனிஞ்சா நொறுங்கிடும். அதான் என்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னா இன்னும் பயம்."

பாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று.

அன்று டீச்சரின் கைக்குட்டை நழுவிப் பாயின் மேல் விழுந்தது. பழக்கதோஷத்தில் சட்டென்று குனியப் போனார்.

"ஐயோ டீச்சர், என்னைத் தொடாதீங்க!" என்று பாய் அலறியது.

மனிதர் காதில் அதெல்லாம் விழுமா? ஆனாலும் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. நிமிர்ந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கைக்குட்டையைக் கால்விரல் இடுக்கில் கவ்வி, முழங்காலைப் பின்னால் மடக்கி, மெல்லக் கையில் வாங்கினார்.

"ஏய், ஒத்தைக் கால்ல நிக்கிறாங்கடி!" என்றது நாற்காலி.

"கத்தாதே," என்றது பாய், மூச்சைப் பிடித்தபடி. "முழு டீச்சரும் இப்போ என் மேலதான்."