இந்தத் தடவை நான் நோயாளி

நகராட்சியிலிருந்து ஆள் வரும் நாள். தோமோயே தன் கணவர் செய்ஜியின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

“வந்தவங்க முன்னாடி வீராப்புக் காட்டாதீங்க. எல்லாம் என்னால முடியும்னு சொன்னா முதியோர் பராமரிப்புக் காப்பீடு கிடைக்காது. உதவிக்கு வர்றவங்க சம்பளம் முழுசும் நம்ம தலையிலதான் விழும்.”

“சரிம்மா” என்றார் செய்ஜி. இந்த முறையும் உதவி கிடைக்காவிட்டால் வீடு தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

அதிகாரி நவோகோ வந்து உட்கார்ந்ததும் தோமோயே ஆரம்பித்தாள்.

“இவருக்கு ஒண்ணும் முடியலைங்க. குளிக்க, உடுத்த, எல்லாத்துக்கும் நான்தான்!”

“நல்லா பாத்துக்கிறீங்க. உங்ககிட்டயும் ஒரு கேள்வி. இது என்ன மாசம்?”

“செர்ரி பூக்குற மாசம். இதுகூடத் தெரியாமலா இவரை வச்சுக் காப்பாத்துறேன்?”

வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

வாசலில் காலணி மாட்டியபடி நவோகோ மெதுவாகக் கேட்டாள். “பரிசோதனை அவங்களுக்குத்தான்னு சொல்லவே இல்லையா, ஐயா?”

“போன தடவை சொன்னேன். நல்ல கிமோனோவா எடுத்துக் கட்டிக்கிட்டு, எல்லாக் கேள்விக்கும் டாண் டாண்னு பதில் சொல்லிட்டா. வந்த அதிகாரி உதவி தேவையில்லைன்னு எழுதிட்டாங்க. அதான், இந்தத் தடவை நான் நோயாளி.”

வசந்தத்தில் உதவிக்கு ஒரு பெண் வரத் தொடங்கினாள். அடுத்த பனிக்காலத்தில் தோமோயேவுக்குக் கணவரின் பெயரும் மறந்துபோனது.

காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போடுவதை மட்டும் அவள் மறக்கவில்லை.