சாக்கடை வேட்பாளர்

"முதல்ல சாக்கடை. ரெண்டாவது, சாக்கடைக்கு மூடி. மூணாவது, அந்த மூடியை யாரும் தூக்கிட்டுப் போகாம பார்த்துக்கறது. எழுதிக்கோடா."

"அக்கா, இது வாக்குறுதியா, முனிசிபாலிட்டிக்கு எழுதற புகாரா?" தம்பி பேனாவைத் தூக்கி மேசையில் போட்டான்.

அக்கா தையல் மெஷினை நிறுத்தவில்லை. நாலு தெருவுக்கும் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அவள், வார்டு தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாள். எதிரே நிற்பது இப்போதைய கவுன்சிலர் மட்டும்தான். அவளுடைய பிரசாரம், கொடி, கோஷம் எல்லாமே தம்பி தலையில்.

"அந்த ஆள் பூங்கா, ஜிம், இலவச வைஃபைன்னு அள்ளி விடறான். நீ சாக்கடையைப் பிடிச்சுத் தொங்கறே. 'சாக்கடை வேட்பாளர்'னு கிண்டல் பண்றாங்க."

"பண்ணட்டும். போன மழைக்கு இந்த ரூமுக்குள்ள வந்தது என்ன, பூங்காவா?"

தம்பி பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அந்த மழையில், தெருவில் பதித்த சாக்கடைக் குழாய் உடைந்து, கழிவுநீர் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு நின்றது. அக்காவின் சின்ன மகள் காய்ச்சலில் விழுந்து, பிழைப்பாளா மாட்டாளா என்று ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டாள். கவுன்சிலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் அக்கா மனு தாக்கல் செய்தாள். வீட்டுக்கு வீடு இதே கதை என்பதால் வார்டே அவள் பின்னால் திரண்டுவிட்டது. கவுன்சிலருக்குத் தோல்வி பயம் வந்துவிட்டது.

"அடுத்த மழைக்குள்ள அது சரியாகணும். என்ன ஆனாலும் சரி," என்றாள் அக்கா.

போஸ்டர் அடிக்கத் தம்பி வெளியூர் போனான். இரண்டு நாள் கழித்து மத்தியானம் போஸ்டர் கட்டைத் தோளில் சுமந்து திரும்பியவன், தெருமுனையிலேயே திகைத்து நின்றான்.

தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். உடைந்த குழாய் ஓரமாகக் கிடக்க, புதுக் குழாய் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில், வெள்ளைச் சட்டையெல்லாம் சேறாக, சாட்சாத் கவுன்சிலர்!

"சீக்கிரம்ப்பா! சாப்பாடெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்!" என்று ஆட்களை விரட்டினார். ஐந்து வருஷமாக நாற்காலியை விட்டு அசையாத மனுஷன் பம்பரமாகச் சுழன்றார். நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா பள்ளத்தின் விளிம்பில் குந்தியிருந்தாள்.

"மோசம் போயிட்டோம்க்கா! நம்ம முதல் வாக்குறுதியை அப்படியே சுட்டுட்டான். இனிமே எதைச் சொல்லி ஓட்டு கேக்கறது?"

"கத்தாதே. இந்த டார்ச்சைப் பிடி." குனிந்து உள்ளே பார்த்தவள் கொத்தனாரிடம் சொன்னாள்: "அண்ணே, இங்க வாட்டம் பத்தலை. தண்ணி தேங்கும். எடுத்துட்டு மறுபடி வைங்க."

"மறுபடியுமா!" கவுன்சிலர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, நேரமாகுதும்மா!"

"ஆகட்டும் சார்."

குழாயை எடுத்தார்கள், திரும்ப வைத்தார்கள். தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவன் வேலையை நீ ஏன் சரி பார்க்கறே? அரைகுறையா முடிச்சான்னாதானே நமக்கு ஓட்டு! விட்டுத் தொலையேன்!"

அவள் காதில் வாங்கவில்லை. மேல்கோடியில் நின்ற பெண்களிடம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழ்க்கோடிக்கு ஓடினாள். தண்ணீர் எங்கும் தங்காமல் சலசலவென்று வந்து பெரிய கால்வாயில் விழுந்தது. ஜெயித்தவள் மாதிரி அவள் சிரித்ததைப் பார்க்கத் தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவுன்சிலர் மூச்சு வாங்க ஓடிவந்து, தன் காரின் கதவைத் தானே திறந்துவிட்டார். "இப்பவாவது ஏறும்மா!"

"இதோ வர்றேன் சார்." அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினாள். "போஸ்டர் கட்டைப் பிரிக்காதேடா. மனுவை வாபஸ் வாங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு. நான் போட்டியிலேருந்து விலகிக்கறேன், ஆனா தண்ணி ஓடறதைக் கண்ணால பார்த்தப்புறம்தான் கையெழுத்துன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன்."