பள்ளத் தெருவுக்கு என்ன நிறம்?

“இந்தப் பச்சையை மட்டும் கொஞ்சம் சிவப்பாக்கிக் குடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கேட்டவள் பழக்கடைக்காரி. கேட்ட இடம் சாயப்பட்டறை அல்ல, நகராட்சியின் புள்ளிவிவர அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. நடுவே கணினித் திரையில் ஊரின் வரைபடம்.

எந்தத் தெருவிலிருந்து ஆம்புலன்ஸை அதிகம் அழைக்கிறார்களோ, அந்தத் தெரு சிவப்பு. சிவப்புக்குத்தான் ஆக்ஸிஜன் வசதியோடு புதிய சிகிச்சை மையம். ஊருக்கே ஒன்றுதான், சாயங்காலம் இடத்தை முடிவு செய்துவிடுவார்கள்.

அவள் மகளுக்கு வீசிங். பள்ளத் தெருவின் முனையிலிருக்கும் சிமென்ட் கிடங்கின் தூசியைத் தின்றே வளர்ந்த பிள்ளை.

“பள்ளத் தெருவில இருந்து வருஷம் முழுக்க ஒரு அழைப்புகூட இல்லம்மா. பச்சைன்னா சுகமா இருக்கீங்கன்னு அர்த்தம்.”

“சுகமா இருக்கறவ கடையைப் பூட்டிட்டு வேகாத வெயில்ல நடந்து வருவாளா? எங்க தெருப் பேரைச் சொன்னாலே வாடகை வண்டிக்காரன் போனை வச்சிடறான் சார்.”

“அது வேற கதை. முடியலைன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதானே?”

“கூப்பிடாம? போன வாரம்கூட எம் பொண்ணுக்கு ஆம்புலன்ஸ் வந்துதே.”

அதிகாரி சிரித்தார். “வர்றவங்க எல்லாம் இதையேதான் சொல்றாங்க. கணக்குல ஒண்ணையும் காணோமே. இது திறந்த தரவும்மா, ஒளிவுமறைவே கிடையாது. உங்க போன்லயே பார்த்துக்கலாம்.”

“திறந்துதானே கிடக்கு? கையை விட்டு நாலைச் சேர்த்துடுங்களேன்.”

அவர் வரைபடத்தை நகர்த்தினார். கன்றிப்போன காயம் மாதிரி ஒரு சிவப்பு வந்து நின்றது.

“உங்க தெருவுக்கு முதுகுப் பக்கம், பூங்கா சாலை. அதுலயும் மூலையில வெள்ளைக் கேட். ஊர்லயே அங்கிருந்துதான் அதிகமாக் கூப்பிடறாங்க. பாவம், என்ன கஷ்டமோ.”

“அந்தக் கேட்டுல ஒரு காவல்காரரும் ஒரு நாயும்தான் சார். நாய்க்கு மூச்சு முட்டுதாக்கும்.”

“சரி, மையம் அங்க வந்தா நீங்களும் போய்க்கலாமே?”

“எங்களை எங்க உள்ள விடுவாங்க? கேட்டுக்கு வெளிய நிக்கலாம், அவ்வளவுதான்.”

பேரத்தில் முதலில் கண் கலங்குகிறவர் தோற்றார் என்பது பழக்கடைக்காரிக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கலங்கினாள். விலையை இறக்கினாள்.

“சிவப்பு வேண்டாம். ஒரு மஞ்சளாவது போடுங்க சார். படுத்தா மூச்சு வரலைன்னு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறா. ஏழு வயசுதான் ஆகுது.”

“மஞ்சளுக்கு மையம் கிடையாதும்மா.”

அவள் கைபேசி அடித்தது. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த புருஷன். கேட்டுக்கொண்டே எழுந்தவள், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“உதடு நீலமாயிடுச்சாம் சார். தூக்கிட்டு ஓடறாராம்.”

அதிகாரியின் முகம் மாறியது. மேசைத் தொலைபேசியில் ஆம்புலன்ஸ் எண்ணைத் தானே அழுத்தி, ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

“பள்ளத் தெருன்னு நல்லா அழுத்திச் சொல்லுங்கம்மா. இன்னிக்காவது கணக்குல ஏறட்டும்.”

அவள் அவரைப் பார்த்தாள். திரையில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். மறுமுனையில் இடம் எது என்று கேட்டார்கள்.

“பூங்கா சாலை மூலை, வெள்ளைக் கேட்டுங்க.”