நடைப்போட்டியில் ஒரு புகார்

"செயலாளர் சார், அந்தக் கோப்பையைத் தபால்காரர்கிட்ட இருந்து திரும்ப வாங்குங்க" என்று வந்து நின்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூத்தவர்களுக்கு நடந்த நடைப்போட்டியில் ஓய்வுபெற்ற தபால்காரருக்கு முதல் பரிசு, இவருக்கு இரண்டாம் பரிசு.

"ஏன் சார்? அவர் ஒழுங்காத்தானே நடந்தார்?"

"அவர் எங்க நடந்தார்? ஊசிதான் நடந்துச்சு. போன வருஷம் ரெண்டு படி ஏறினா மூணாவது படியில உட்காருவார். கிட்னி கோளாறுல ரத்தம் குறைஞ்சு போச்சுன்னு இப்ப வாராவாரம் ஊசி. உடம்புல சிவப்பணுவை ஊற வைக்கிற மருந்து. பெரிய பந்தயத்துல ஓடுறவங்க அதைப் போட்டா, தடை பண்ணி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் தன் உடம்பைப் பத்தி யார்கிட்டயும் வாய் திறக்காத ஆளாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்து நாற்காலி அவர்தான்."

"யாருக்காவது துணைக்குப் போறீங்களா?"

டிரைவர் மடித்திருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எனக்கும் அதே ஊசிதான் சார். ஆனா அவருக்குப் போடுறதுல பாதிதான் எனக்கு. பாதியிலயே ரெண்டாவது வந்திருக்கேன், அதைப் பாருங்க."