பின்னிருக்கைப் பட்டை

வீப்கே தனியாகப் பறந்து இறங்கும்போதெல்லாம், இன்ஜின் இல்லாத அந்தக் கிளைடர் விமானம் கடைசி ஒரு மீட்டரில் தொப்பென்று விழுந்தது. பிரித்துப் பார்த்தும் அதில் ஒரு பழுதும் இல்லை.

"இன்னொரு தடவை இப்படி எறங்கினா, கோடை முழுக்க நீ தரையிலதான்," என்றார் பயிற்சியாளர் டெட்லெஃப்.

தனியாக முந்நூறு கிலோமீட்டர் பறந்து காட்டுகிறேன் என்று வீப்கே தன் கணவர் ஹின்ரிக்கிடம் சொல்லியிருந்தாள். அவர் குளிர்காலத்தில் இறந்துபோனார். எப்போதும் அவளுக்குப் பின்னிருக்கையில் பறந்தவர். "நடுவானத்துல நான் எறங்கிட்டா உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

எடை கூடினால் கிளைடர் மிதக்க வேகமும் கூட வேண்டும். ஒருவருக்கான வேகத்தில் இருவர் இறங்கினால் அது விழத்தான் செய்யும். ஆனால் வீப்கே ஒருத்திதானே!

ஆளில்லாத இருக்கையின் பட்டைகள் கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கக்கூடாது. அதனால் பூட்டி இறுக்கிவிடுவோம். டெட்லெஃப் எச்சரித்த அன்று, அவள் பறக்கும் முன் அவளுடைய தோழி நானே இறுக்கியிருந்தேன். அவள் இறங்கியதும் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. பட்டைகள் மட்டும் ஒரு பெரிய தொப்பையின் அளவுக்குத் தளர்ந்திருந்தன.

வீப்கே அந்த இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"செத்துப்போயும் மனுஷன் இளைக்கல பாரு, இம்கே."

"இப்ப என்னடி செய்யப்போற?"

"என்ன செய்ய? ரெண்டு பேருன்னு வச்சுக்கிட்டு ஓட்டறேன்."

அன்றிலிருந்து வீப்கே தனியாகப் பறந்தாலும், இருவருக்கான வேகத்தில்தான் இறங்குகிறாள். கிளைடர் புல்லில் மெல்ல உட்காருகிறது.